முன்னா, பின்னா?

துவிச்சக்கரவண்டி தனியொருவர் ஏறிச் செல்வதற்கென ஆக்கப்பட்ட ஊர்தி. அதில் இரண்டாமவருக்கு இடமில்லை. உள்ள இடமெல்லாம் நாம் உண்டாக்கிக்கொண்டவையே. பொதி கட்டும் கரியர் ஆசனமாகிறது. சட்டத்தைத் தாங்கும் பார் ஆசனமாகிறது. வளர்ந்தவர் அமர்ந்தால் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார். நான்கு வயதுக் குழந்தையை எங்கே அமர்த்துவது? எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கும் மேலாக இவ்வழக்கு நடந்தது.

வழக்கைக் கொண்டுவந்தது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறருக்கு எரிபொருள் வழங்குவது நிறுத்தப்பட்டது. ஓகஸ்டில் கியூஆர் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கீடாயிற்று. அக்காவின் மகளைப் பாலர் பாடசாலைக்கு ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிக்காரர் கையை விரித்துவிட்டார். அவர்மீது பிழை சொல்வதற்கில்லை. அக்கா மாத்தளை நகரில் புடைவைக் கடையொன்றிலே கணக்கெழுதுபவர். அத்தான் கத்தாரில். எங்கள் வீடோ உக்குவளைப் பக்கத்தில், நகரிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால். பிள்ளையைக் கொண்டு செல்ல வழி பிறவாவிடின் அக்கா வேலையை விடவேண்டியதுதான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டிலிருந்த காலம் அது. அப்பாவின் பழைய ரலி வண்டி தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்தது. "முன்னுக்கு வச்சுக்கிட்டுப் போ, பிள்ளை கண்ணெதிரே இருக்கணும்" என்றார் அம்மா. பாரின் மீது துவாயைச் சுற்றி மருமகளை இருத்தினேன். முன்பக்கம் அமர்த்துவதில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஓட்டுபவரின் இரு கைகளும் வேலிபோல் அமைகின்றன; பிள்ளை பேசுவது காதில் விழுகிறது; பாதையில் வரும் மாட்டையும் குழியையும் அவளே அறிவிக்கிறாள். ஆயினும் முதல் ஏற்றத்திலேயே குறை வெளிப்பட்டது. எழுந்து மிதிக்க இயலவில்லை. முழங்கால் அவள் தொடையில் இடித்தது. இறக்கத்தில் பிறேக் பிடிக்க, அவளுடைய முகம் ஹாண்டிலை நோக்கிச் சரிந்தது. "மாமா, கால் மரத்துப்போச்சு, நிப்பாட்டுங்க" என்று இரண்டு இடங்களில் இறங்கினாள்.

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலின்றித் தவித்த யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டியே குடும்ப ஊர்தியாக விளங்கியது. பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை என்று அங்குள்ளோர் சென்ற கதைகளை இன்று விடுதியில் நண்பர்கள் கூறக் கேட்கிறேன். அவர்களது திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாணம் சமதரை; மாத்தளையோ ஏற்றமும் இறக்கமுமான நிலம். நிலம் மாறினால் முறையும் மாறவேண்டும்.

பின்பக்கத்தின் அபாயம் வேறு. அயலிலுள்ள சிறுவன் ஒருவனுடைய குதிக்கால் பின்சில்லின் கம்பிகளுக்குள் அகப்பட்டுத் தோல் உரிந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். சுழலும் கம்பி பாதத்தை உள்ளே இழுத்துச் சட்டத்தோடு வைத்து நெரித்துவிடுகிறது. மருத்துவ நூல்களில் தனிப்பெயர் பெறுமளவுக்கு இக்காயம் வழமையானது. பின்னே இருக்கும் பிள்ளை உறங்கினாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. சேலையால் பிள்ளையைத் தம் இடுப்போடு கட்டிக்கொள்வதாக அக்கா சொன்னார். அதனை நான் ஏற்கவில்லை: தாய் விழுந்தால் பிள்ளையும் அவரோடு இழுபட்டு விழும்.

இவ்வளவு வாதாடிய பின்னரே எங்களுக்கு ஒன்று உறைத்தது. நாள்தோறும் பிள்ளையை ஏற்றப்போகிறவர் நானல்லன், அக்கா. நான் ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் புகவேண்டியவன். அக்காவின் வண்டி பெண்களுக்கானது. அதிலே பாரே கிடையாது. முன்னா பின்னா என்று நாங்கள் வழக்காடியது ஆண்களின் வண்டியை வைத்துக்கொண்டுதான். கேள்வி, பின்பக்கத்தை எவ்வாறு பாதுகாப்பாக்குவது என்பதாகச் சுருங்கியது. சுருங்கியதும் வேலை இலகுவாயிற்று.

ஐரோப்பியத் தரநிர்ணயம் முன்னாசனத்துக்கு 15 கிலோ வரையும் பின்னாசனத்துக்கு 22 கிலோ வரையும் அனுமதிக்கிறது. மருத்துவமாதின் நிறுவையில் எங்கள் பிள்ளை 15 கிலோவைத் தொட்டிருந்தாள்; அவ்வகையிலும் பின்பக்கமே பொருந்தியது. ஒரு வயது நிறையாத குழந்தையை எந்த ஆசனத்திலும் ஏற்றலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. குலுங்கும் வண்டியிலே அக்கழுத்து தலையைத் தாங்காது. டென்மார்க்கின் கிறிஸ்தியானியாவில் 1984இல் தோன்றிய, முன்னே பெட்டி பொருத்திய மூன்று சில்லு வண்டியில் பிள்ளைகள் வண்டிலில் இருப்பதுபோல் இருந்து செல்கிறார்கள். படத்தில் பார்த்து அக்கா பெருமூச்சு விட்டார். எங்கள் ஒழுங்கையில் அது திரும்பவே திரும்பாது.

நகரில் இரும்பு ஒட்டுபவர் ஒருவர் செய்து தந்தது இதுதான்: கரியரோடு ஆணி முறுக்கிய ஆசனம், தோளளவு உயர்ந்த சாய்வு, பழைய புத்தகப்பையின் பட்டியால் இடுப்புவார், பாதம் வைக்க இரு தகடுகள். இவற்றைவிட முதன்மையானது பின்சில்லின் இருபுறமும் பொருத்திய கம்பிவலை. இந்தியாவில் மோட்டார் சைக்கிள்களின் பின்சில்லில் சேலை சிக்காதிருக்க வைக்கும் தடுப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வலைக்கான கூலியைக் குறைத்துத் தாளில் அட்டையைக் கட்டினால் போதாதா என்று கேட்டார் அம்மா. மாத்தளை மழையில் அட்டை எத்தனை நாள் நிற்கும்?

பாரம் பின்னே கூடியதால் ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகி அலைந்தது. எனவே பிள்ளையின் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் முன்கூடைக்கு மாற்றினோம். செங்குத்தான இரண்டு இடங்களில் அக்கா இறங்கி, பிள்ளை ஆசனத்தில் இருக்க, வண்டியை உருட்டிச் சென்றார். நின்ற வண்டியில் பிள்ளையை இருத்திவிட்டுக் கையை எடுப்பதில்லை என்றும் வீட்டில் கட்டுப்பாடு. ஓடும்போதைவிட நிற்கும்போதே வண்டி எளிதாகச் சாய்கிறது.

எரிபொருள் பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியது. முச்சக்கரவண்டிக்காரர் மீண்டும் வந்து கேட்டார். அக்கா வண்டியை விடவில்லை. மிச்சமாகும் பணம் ஒரு காரணம். காலையில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும் கதைகள் மற்றொன்று. மருமகள் இப்பொழுது 21 கிலோ. ஆசனத்தைக் கழற்றிவிட்டு அவளைப் பஸ்ஸில் அனுப்புவதா, அவளுக்கொரு சிறு வண்டி வாங்குவதா என்று அக்கா கேட்டிருக்கிறார். விடுமுறைக்குச் செல்லும்போது அவ்வழக்கைத் தொடங்கவேண்டும்.