அம்மாவின் ரோசாப் பாத்தி

கேமரன் மலையில், திரிங்காப் சடக்கிலிருந்து மேலே ஏறினால் தேயிலைக்குள் எங்கள் லயம். மலைச்சரிவு முழுக்கக் கம்பெனி நட்ட தேயிலை; எங்கள் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு முழ அகலத்தில் கிடந்த மண்ணில் மட்டும் அம்மா நட்ட ரோசா. விடியும்போது பனி இறங்கி எதிர்லயம்கூடத் தெரியாது. அடுப்பில் வரக்கோப்பி கொதிக்கும் வாடை, ஈர விறகின் புகை, காற்று திரும்பினால் பேக்டரியில் இலை வாடும் பச்சை மணம், இத்தனைக்கும் அடியில் மெல்லிசாக ரோசா வாசனை. கண்ணைத் திறக்காமலே எந்தச் செடி பூத்திருக்கிறதென்று சொல்லிவிடுவேன் என்று தம்பியிடம் பந்தயம் கட்டுவேன். சிவப்புக்கு மணம் குறைவு, வெளிர் ரோசுக்குத்தான் அத்தனை மணமும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்திலும் பாத்தியோரம் ஒரு தடவை குனியாமல் அம்மா படியிறங்க மாட்டார்.

செடிகள் எல்லாம் கீழிருந்து வந்தவை. திரிங்காப்பில் சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே பூத்தோட்டங்களும் உண்டு. சாயங்காலம் பூக்கட்டுகளைப் பேப்பரில் சுற்றி லோரியில் அடுக்குவார்கள். அங்கே தோட்ட முதலாளியான ஒரு தவுக்கே, வெட்டிப்போட்ட குச்சிகளைக் காட்டி, எடுத்துக்கொள் என்று மலாயில் "அம்பில், அம்பில்" என்பார். அம்மாவுக்கு மலாய் அரைகுறை, அவருக்கும் அப்படியே. ஆனாலும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசுவார்கள். பென்சில் பருமன், மூன்று நாலு கணு, அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. ஆணியால் ஓட்டை போட்ட மைலோ டின்னில் மணலும் மண்ணும் கலந்து ஊன்றித் தாழ்வாரத்தில் வரிசையாக வைப்பார். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். "பாப்பா, அது தூங்குது, எழுப்பாத" என்பார். அதை அப்படியே நம்பி, அந்த டின்களைத் தாண்டும்போதெல்லாம் குதிகால் ஊன்றாமல் நடப்பேன்.

தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கிற பயிர். மண்ணின் கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். ரோசாவுக்கு 6, 6.5 வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னால் படித்தது. அம்மா ஒரு பிடி மண்ணை முகர்ந்து "புளிச்சுக் கெடக்கு" என்பார், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பலைச் சலித்து, தூருக்கு ஒரு பிடி, அதற்குமேல் கிடையாது. அந்தச் சாம்பலும் தேயிலைதான். தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட கிழட்டுச் செடிகளின் கட்டைதான் எங்களுக்கு விறகு. அதோடு ஆட்டுப் புழுக்கை, நாங்கள் அம்மியில் நுணுக்கிய முட்டை ஓடு.

பகை என்றால் மழைதான். இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், கரும்புள்ளி விழுந்துவிடும். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மஞ்சளாகி உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவது பிள்ளைகள் வேலை. குப்பையில் போடக்கூடாது, நேரே அடுப்புக்குப் போகவேண்டும்.

குளிர்காலம் என்று ஒன்று இல்லாத ஊரில் ரோசா ஓய்வெடுப்பதில்லை, எப்போது கவாத்து செய்வதென்பதை நாமேதான் முடிவு செய்யவேண்டும். அம்மா தீபாவளியிலிருந்து பின்னோக்கி இரண்டு மாதம் எண்ணி, "என்னாங்க, நாளாச்சு" என்பார். அப்பா கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். தேயிலையை மட்டம் பார்த்து வரிசை வரிசையாகச் சாய்க்கிற கை, ரோசா முன்னால் மட்டும் தயங்கித் தயங்கி, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கணுவைத் தேடி அதற்குச் சற்று மேலே நறுக்கும். நறுக்கிய வாயில் அம்மா சாணி அப்புவார். ஐப்பசி மழையில் மொட்டு விரியாமலே அழுகிவிடாதிருக்க உரச்சாக்கைப் பிரித்துக் குச்சி நட்டுக் கூரை கட்டுவோம்.

அப்படிக் காப்பாற்றிய பூக்கள் தீபாவளியன்று சாமி படத்துக்கு, என் சடைக்கு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று போகும். முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு பூ தவுக்கேவுக்கும் போகும். அவர் தோட்டம் முழுக்கப் பூ. ஆனாலும் தாம் கொடுத்த குச்சியில் பூத்ததென்று தெரிந்து, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டுதான் லோரிக்குச் சாமான் ஏற்றுவார்.

பின்னாளில் திரிங்காப்புக்கு ரோஸ் வேலி என்கிற ரோசாத் தோட்டத்தைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாக வந்தார்கள். முள்ளில்லாத ரோசா, பச்சை ரோசா என்று என்னென்னவோ இருந்தன. பச்சை ரோசாவில் இதழே கிடையாது, புறவிதழ்தான் அடுக்கடுக்காக நிற்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். "மணக்குதா?" என்று அதை மட்டும் கேட்டார்.

அம்மா இப்போது ஈப்போவில் தம்பி வீட்டில். அந்த வெக்கையில் ரோசா சின்னதாகப் பூத்து இரண்டே நாளில் கொட்டிவிடுகிறது. அதற்காக விட்டுவிடுகிற ஆள் இல்லை. கேஸ் அடுப்பில் சாம்பல் ஏது? முனைக்கடையில் சாத்தே சுடுகிற மலாய்க்காரப் பையன் கரிச்சாம்பலை ஒரு டின்னில் சேர்த்து வைக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் போய் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சலிக்கிறார்.