கொடியில் கிடந்த வேட்டி

என் வேட்டியை மட்டும் தனியாக ஒருவர் புகைப்படம் எடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. 2011இல், அமெரிக்காவில்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஜூன் மாதம், நல்ல வெயில். அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மரப்பலகையில் திண்ணை மாதிரி ஒன்று கட்டியிருந்தார்கள். குளித்து முடித்ததும் வேட்டியை அலசிப் பிழிந்து அதன் கைப்பிடியில் விரித்துவிடுவேன். மதியச் சாப்பாட்டுக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். “அப்பா, உள்ளே டிரையர் இருக்கு” என்று மகள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அதிலும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். துணியை எடுத்த பிறகு மகள் அதற்குள்ளிருந்து ஒரு சல்லடையை உருவினாள். உள்ளங்கை கனத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு அப்பியிருந்தது. இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். “துணியிலேர்ந்துதான்” என்றாள். ஒவ்வொரு தோய்ப்புக்கும் இவ்வளவு சதையைக் கொடுத்தால் வேட்டி தீபாவளி வரை உயிரோடு இருக்குமா? ஒரு தடவை ஓட இரண்டு மூன்று யூனிட் கரண்டு வேறு. வாசலில் வெயில் சும்மா கிடக்கிறது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது, குடியிருப்புச் சங்கத்திலிருந்து. கூடவே ஒரு படம். கைப்பிடியில் என் வேட்டி, சிவப்புக் கரை நன்றாகத் தெரியும்படி. வெளியில் தெரிகிற மாதிரி துணி உலர்த்துவது குடியிருப்பின் தோற்றத்துக்கும் வீடுகளின் மதிப்புக்கும் ஊறு, இத்தனை நாளுக்குள் நிறுத்தாவிட்டால் அபராதம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். மருமகனுக்குத்தான் சங்கடம். “தெற்கே நாலஞ்சு மணி நேரம் ஓட்டினா புளோரிடா, மாமா. அங்க கொடி கட்டக் கூடாதுன்னு எந்தச் சங்கமும் சொல்ல முடியாது, சட்டமே இருக்கு. வெர்மான்ட்லகூட 2009ல கொண்டு வந்துட்டாங்க” என்றார். துணி காயப்போடும் உரிமை என்று ஆட்கள் பல வருஷமாகப் பேசிப் பேசி வாங்கிய சட்டங்களாம். ஒரு வேட்டிக்காக மாநில எல்லை தாண்டவா முடியும்? மறுநாளிலிருந்து குளியலறைக் கம்பியில் போட்டேன்.

மகள் பொரிந்து தள்ளினாள். எனக்குக் கோபமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கடிதத்தை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது என்ன, எழுதியவனே நான்தான். அவர்களுடையது இங்கிலீஷில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மடிப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டை 2001இல் வாங்கினோம். பதினாறு வீடு. 2004இல் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற அரசு ஊழியன் ஒருவன் கையில் கிடைத்தால் அசோசியேஷன் விடுமா? அடுத்த கூட்டத்திலேயே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அதுவரை எங்கள் சங்கத்துக்கு இருந்த பைலா, அடையாறில் ஏதோ ஒரு குடியிருப்பின் பைலாவைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி டைப் அடித்தது. சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் கணக்கில் சிவப்பு மையால் கேள்வி எழுதியவன். உட்கார்ந்து பன்னிரண்டு விதி எழுதினேன். ஏழாவது விதி இது: தெருப்பக்கத்து பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது. மீறினால் தடவைக்கு ஐம்பது ரூபாய். மொட்டை மாடியில் உலர்த்தலாம். காலை ஏழு முதல் பத்து வரை போட, மாலை நாலு முதல் ஆறு வரை எடுக்க. மற்ற நேரம் பூட்டு.

காரணம் இல்லாமல் எழுதவில்லை. மூன்றாவது மாடிப் போர்வை இரண்டாவது மாடி வடகத்தின் மேல் சொட்டி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து நடந்தது. மாடியில் பையன்கள் பந்து ஆடி ஒழுகாமல் இருக்கப் பதித்த ஓட்டைப் பெயர்த்துவிட்டார்கள். அப்போதுதான் பெயின்ட் வேறு அடித்திருந்தோம். “எலிவேஷன் போயிடும் சார்” என்றார் பொருளாளர். வீட்டின் முகத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்குவேன். எதிர்ச் சாரியில் வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து ஒவ்வொரு பால்கனியாகப் பார்ப்பேன். “என்னங்க, போலீஸ் வேலை முடிஞ்சுதா?” என்று என் மனைவி காபி கொடுப்பாள். அந்தக் கிண்டலைக்கூட எனக்கு மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார். எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கணவர் வளைகுடாவில். எட்டு வயதில் ஒரு பெண். சிஸ்டருக்கு அடிக்கடி இரவுப் பணி வரும். காலை எட்டுக்கு முடித்து, இரண்டு பஸ் மாறி வீடு வர ஒன்பதரை. சமையலையும் துவையலையும் முடித்துத் துணியைப் பிழியும்போது மணி பதினொன்று. மாடி பூட்டியிருக்கும். பின்பக்க பால்கனிக்கும் அடுத்த கட்டடத்துச் சுவருக்கும் நடுவில் ஐந்தடி இடைவெளி. அங்கே பல்லிகூட இருட்டில்தான் நடமாடும். மிச்சம் இருப்பது கிழக்கே பார்த்த தெருப்பக்கத்து பால்கனி ஒன்றுதான். அதில்தான் போட்டார். நானும் போட்டேன், ஐம்பது ரூபாய்.

சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சிஸ்டர் சண்டை போடவில்லை. ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ரசீது குடுங்க சார்” என்பார். கொடுப்பேன். ஒரு வருஷத்துக்குள் பதினோரு ரசீது கிழித்தேன்.

ஒருநாள் எச்சரித்துவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குள்ளேயே போனேன். அந்த வாரம் வெளியில் துணி இல்லை, எல்லாம் உள்ளே. ஃபேனுக்கடியில் நாலு நாற்காலியைக் கவிழ்த்து, அதன் கால்களில் சீருடை, துண்டு, தலையணை உறை. சுவரில் ஈரம் பூத்திருந்தது. சோபாவில் அந்தப் பெண் முகத்தில் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நெபுலைசர் உறுமிக்கொண்டிருந்தது. “பாப்பாவுக்கு வீசிங் சார். ஈரத்துணிய வீட்டுக்குள்ள காயப்போடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு” என்றார் சிஸ்டர்.

அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் ராத்திரி விழிப்புத் தட்டினால் காதில் விழுகிறது. “லெட்டரா எழுதிக் குடுங்கம்மா, கமிட்டியில வைக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தார். கோப்பில் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புப் பேச்சு நீண்டுபோய், கடிதம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு அடுத்த வாரம் துணி மறுபடி பால்கனிக்கு வந்தது. பதினோராவது ரசீது அன்றைக்குக் கிழித்ததுதான். பார்த்துவிட்டு வந்த பிறகும் எழுதினேன் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். தெரியாமல் செய்வதற்கு வயசைச் சாக்குச் சொல்லலாம். எனக்கு அப்போது அறுபது.

இதில் கட்டியவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பூஜை அறை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் பார்த்து விற்கிறார்கள். பதினாறு குடும்பத்தின் ஈரத்துணி எங்கே காயும் என்று வரைபடத்தில் ஒரு கோடுகூட இல்லை. சிங்கப்பூரில் தம்பி மகன் இருந்த பழைய அரசாங்க அடுக்குமாடியில் பார்த்தேன். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே சுவரிலேயே குழாய் பதித்திருந்தார்கள். மூங்கில் கழியில் துணியைக் கோத்து அதில் செருகிவிட்டால், பன்னிரண்டு மாடியிலும் துணி கொடிகளாகப் பறக்கிறது. தொட்டதற்கெல்லாம் அபராதம் என்று பேர் வாங்கிய ஊர் அது. துணி காய்வதற்கு மட்டும் வழி பண்ணிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் வழியை அடைத்துவிட்டு அபராதம் போட்டோம்.

அடுத்த வருஷம் கத்திரி முடிகிற சமயம். தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது மழை. மாடியில் எங்கள் துணி முழுக்கக் கிடந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனைவி அதைப் பற்றியே பேசினாள். வந்து பார்த்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே எங்கள் துணி, ஒரு பொட்டு ஈரமில்லை. என் வேட்டி நாலாக மடித்து, கரை வெளியே தெரியும்படி மேலாக இருந்தது. எதிர்வீட்டுக் கதவிலும் ஒரு பை. மாடி மாடியாகப் பார்த்தேன், ஏழு வீட்டில் பை.

வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தாராம். சாவி மீட்டர் பெட்டிக்குள் தொங்கும். சிஸ்டருக்கு அது எப்போதும் தெரியும். இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் மழைச் சத்தத்தில் எழுந்து, சாவியை எடுத்து, மாடிக்கு ஓடி அத்தனையையும் அள்ளியிருக்கிறார். தன் துணியைக் காயவைக்க ஒருநாள்கூட அந்தச் சாவியை அவர் தொட்டதில்லை.

நன்றி சொல்லக் கீழே போனேன். வேறு வார்த்தை வராமல், “யார் துணி யாருதுன்னு எப்படிம்மா பிரிச்சீங்க?” என்று கேட்டேன். “நாலு வருஷமா கீழேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்ல சார், மேல யாருது பறக்குதுன்னு” என்றார். நானும்தான் தினம் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு ஐம்பது ரூபாய்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி ஆச்சி ஞாபகம் வந்தது. திருநெல்வேலி டவுனில் நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. ஆறு குடித்தனம், ஒரு கிணறு, முற்றத்தின் குறுக்கே ஒரே கொடி. அங்கேயும் விதி இருந்தது, எழுதித்தான் வைக்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுத் துணிக்கு முதல் வெயில். கைக்குழந்தைத் துணியை விளக்கு வைத்த பிறகு வெளியே விடக் கூடாது, பட்சி தோஷம். சண்டையும் உண்டு. கயிற்றைப் பத்து விரற்கடை கூட எடுத்துக்கொண்டதற்காக இரண்டு பெண்கள் ஆறு மாசம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேகம் கறுத்தால் ஆச்சி திண்ணையிலிருந்து சத்தம் போடுவாள். “ஏல, மழ வருது, கொடியில கெடக்கத எல்லாம் அள்ளிட்டு வா. யார் துணின்னு பாக்காத, பொறவு பிரிச்சுக்கிடலாம்.” பேசாமல் இருக்கும் இரண்டு பெண்களின் சேலையும் என் ஒரே தோளில்தான் வரும். அந்தக் கொடியடியில் வளர்ந்த பையன்தான் பெரியவனாகி ஏழாவது விதி எழுதினான். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து எழுதிய விதி அது. அந்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் நானே திருத்தம் கொண்டுவந்தேன். சொட்டச் சொட்டப் போடக் கூடாது, பிழிந்து போடலாம், கைப்பிடிக்கு உள்பக்கம் தாழ்வாகக் கட்டிக்கொள்ளலாம், மாடி நாள் முழுக்கத் திறந்திருக்கும். “எலிவேஷன்?” என்றார் பொருளாளர். “மழையில அவர் வீட்டுப் பையும் கதவுல தொங்குச்சே” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் அதற்குமேல் பேசவில்லை.

வசூலித்த ஐந்நூற்று ஐம்பதைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போட்டுக் கவரில் வைத்துக் கொண்டுபோனேன். சிஸ்டர் வாங்கவில்லை. உள்ளே போய்ப் பதினோரு ரசீதையும் கிளிப் மாட்டி எடுத்து வந்தார். “கணக்குல வந்த காசு கணக்குலயே இருக்கட்டும் சார். மாடியில ரெண்டு கம்பி கூடுதலாக் கட்டிக் குடுங்க, போதும்” என்றார். பாப்பா கதவிடுக்கில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது.

கட்டினோம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, நாலு கொக்கி, கொத்தனார் கூலி, எல்லாம் சேர்த்து அறுநூற்றுப் பத்து ஆயிற்று. ஐந்நூற்று ஐம்பதைப் பேரேட்டில் பற்று எழுதினேன். மேலே ஆன அறுபதை என் சட்டைப்பையிலிருந்து கொத்தனார் கையில் கொடுத்தேன். அதற்கு மட்டும் ரசீது போடவில்லை.