இரு நோயும் ஓர் அச்சமும்

தொழுநோய் மனிதகுலம் அறிந்த மிகப் பழைய நோய்களுள் ஒன்று. அதற்குக் காரணமான நுண்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்தார். எய்ட்ஸ் நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டதோ 1983இல். இந்தியாவில் அத்தொற்று 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரின் ஆய்வால் சென்னையில் முதன்முதலாக வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் அறியப்பட்ட இவ்விரு நோய்களையும் நம் சமுதாயம் ஒரே கண்கொண்டுதான் நோக்கியது. அஃது ஒதுக்கிவைக்கும் கண்.

எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது. அதனால் காசநோய் பெருகியதைக் கண்ட மருத்துவ உலகம், தொழுநோயும் அவ்வாறே பெருகும் என அஞ்சியது. அவ்வச்சம் மெய்யாகவில்லை. ஆனால் வேறொன்று நிகழ்ந்தது. ஏ.ஆர்.டி. மருந்தினால் எதிர்ப்பாற்றல் மீளும்போது, அதுவரை உடலில் அரவமின்றிக் கிடந்த தொழுநோய்க் கிருமிகளை அது தாக்கத் தொடங்குகிறது. தோலில் தேமல்கள் சிவந்து தடிக்கின்றன. நரம்புகள் வீங்கி நோகின்றன. உடல் தேறி வருவதே நோய் முற்றுவதுபோல் தோன்றும் விந்தை இது.

என் உறவினர் ஒருவர் இவ்விந்தைக்கு ஆளானார். அவரது இசைவோடு, அடையாளம் தவிர்த்து இதனை எழுதுகிறேன். ஏ.ஆர்.டி. தொடங்கிய மூன்றாம் மாதத்தில் அவரது கையிலிருந்த தேமல் சிவந்து புடைத்தது. "காக்கா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடப் போகிறேன்" என்றார். நான் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் பஞ்சினால் தேமலைத் தொட்டார், அவருக்குத் தெரியவில்லை. ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்தலாகாது என்றும், தொழுநோய்க்குரிய கூட்டு மருந்தையும் உடன் உண்ண வேண்டும் என்றும், நரம்பு வீக்கம் தணியத் தனி மருந்து உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். வெளியே வந்ததும் உறவினர் கேட்டார்: "ஒன்றை மறைக்கத்தான் இருபது கல் தள்ளிப் போய் மருந்து வாங்கினேன். இரண்டை எங்கே கொண்டுபோய் மறைப்பேன்?"

என்னிடம் விடை இல்லை. சட்டம் ஓரளவு விடை தந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில் தொழுநோயைச் சுட்டியிருந்த பகுதிகள் 2019இல் நீக்கப்பட்டன. எச்.ஐ.வி. உள்ளோரிடம் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் திண்ணையிலும் திருமண வீட்டிலும் எழும் முணுமுணுப்பை எந்தச் சட்டம் அடக்கும்? மறைக்க நேரும்போது மருந்து தவறுகிறது. மருந்து தவறினால் நரம்பு கெடுகிறது. நரம்பு கெட்டால் விரல் மடங்குகிறது. கிருமி தொடங்கியதை நம் பார்வை முடித்துவைக்கிறது.

மாணவச் செல்வங்களே, உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உண்டால் போதும். இரு நோய்க்கும் மருந்து உண்பவர், ஒன்றை மற்றொரு மருத்துவரிடம் மறைக்க வேண்டா. பெரியோர்களே, அத்தகையோர் உங்கள் இல்லம் வந்தால் அருகில் அமர்த்தி, எல்லோருக்கும் தரும் குவளையிலேயே தேநீர் தாருங்கள். அவர்கள் மருந்தைத் தொடர்ந்து உண்பதற்கு அதுவும் ஒரு துணையாகும்.