ஆயிரம் தம்ளர், ஒரே ருசி

மாசி பிறந்துவிட்டால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் தர்பூசணி குவிய ஆரம்பித்துவிடும். மரக்காணம், வானூர், திண்டிவனம் வட்டாரத்து மணல் கலந்த நிலத்தில் மார்கழியிலும் தையிலும் விதைத்த கொடி, எழுபது நாளுக்கு முன்பின்னாக அறுவடைக்கு வந்துவிடுகிறது. பெரும்பகுதி லாரி ஏறி கோயம்பேட்டுக்குப் போகிறது. ஒரு பகுதி உள்ளூரிலேயே தங்கி, கல்யாண மண்டபங்களின் பின்கட்டுக்குப் போய்ச் சேர்கிறது. வரவேற்புக்கு வருகிறவர்கள் கையில் முதலில் கொடுக்கப்படும் அந்தச் சிவப்புத் தம்ளர் எப்படித் தயாராகிறது என்று பார்க்கத்தான் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன்.

வரவேற்பு சாயங்காலம் ஏழு மணிக்கு. ஜூஸ் ஆட்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் வந்துவிட்டார்கள். ஒரு மாஸ்டர், பழம் அரிய இரண்டு பையன்கள், சாறு பிழிய மூன்று பெண்கள். சமையல் கட்டில் அவர்களுக்கு இடமில்லை. பின்வாசலில், ஒரு தகரக் கொட்டகையின் கீழே இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாஸ்டர் முதலில் பழத்தைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்த்தார். “இது கழுவுறதுக்குதான் ஆவும்” என்று பையனிடம் சொல்லிவிட்டு, கேன் தண்ணீர் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணினார். என் பக்கம் திரும்பி, “பழம் வாங்குறது பெரிய விஷயமில்ல சார். தண்ணி வாங்குறதுதான் பெரிய விஷயம்” என்றார்.

கணக்கு அவருக்கு வாயில் இருக்கிறது. “ஆயிரம் பத்திரிகை வெச்சேன்னு சொல்லுவாங்க. அதக் கேக்கக் கூடாது. எத்தினி இலை போடப் போறீங்கன்னு கேக்கணும்.” ஆயிரம் இலை என்றால், தலைக்கு நூற்றைம்பது மில்லி வீதம் நூற்றைம்பது லிட்டர். சர்க்கரை வியாதிக்காரர்கள் கும்பிட்டு விலகிவிடுவார்கள். அந்தக் குறையைப் பிள்ளைகள் மூன்று தரம் வரிசையில் நின்று நேர் செய்துவிடுவார்கள். மேலே முப்பது லிட்டர் சேர்த்து நூற்றெண்பதாக வைத்துக்கொள்வார். நூறு கிலோ தர்பூசணியில் தோலும் விதையும் சக்கையும் போக ஐம்பத்தைந்து, அறுபது லிட்டர் சாறு தேறும். அன்றைக்கு இருநூறு கிலோ இறங்கியிருந்தது. கூடவே அன்னாசி, பன்னீர் திராட்சை, எலுமிச்சை, இஞ்சி, புதினா.

பழத்தைத் தட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. மாஸ்டர் பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். தரையில் பட்டுக் கிடந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியது. வெளுத்திருந்தால் அவசரப்பட்டு அறுத்தது. வெளுத்தவற்றைத் தனியே ஒதுக்கினார்கள். மற்றதைத் தோலோடு தேய்த்துக் கழுவினார்கள். தோலைத்தான் தின்னப் போவதில்லையே என்று தோன்றலாம். ஆனால் தோலில் ஒட்டிய மண்ணைக் கத்தி வெட்டும்போது உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மிக்ஸி பக்கத்திலேயே இருந்தது. தர்பூசணிக்கு அதைத் தொடவில்லை. விதை அரைபட்டால் கசப்பு இறங்கும், நிறமும் மங்கும். உறை போட்ட கையால் சதையைப் பிசைந்து, பெரிய கண் சல்லடையில் ஒரு முறை, சின்னக் கண் சல்லடையில் ஒரு முறை வடிகட்டினார்கள். அன்னாசிக்கு வேறு வழி. துண்டுகளைச் சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு ஆறவைத்துத்தான் அரைத்தார்கள். பச்சையாக அரைத்தால் நுரை தள்ளும், நாக்கை அறுக்கும். அதே பச்சை அன்னாசியைப் பாலில் சேர்த்தால், அதிலுள்ள நொதி பாலைக் கசக்க வைத்துவிடும். ரோஸ்மில்க் கலக்கிய பாத்திரத்தை இந்தப் பக்கமே கொண்டுவர மாஸ்டர் விடவில்லை.

கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர்தான் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவர். முன்னால் ஒரு கூடை எலுமிச்சை. ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, குறுக்கே அரிந்து, ஒரே அழுத்து. மிச்சம் இருக்கிற இரண்டு சொட்டுக்காகத் திருப்பி முறுக்கவில்லை. முறுக்கினால் தோல் எண்ணெய் இறங்கிச் சாறு கசந்துபோகும் என்றார். இஞ்சியை முன்பே அரைத்துப் பிழிந்து ஒரு சட்டியில் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு அதைச் சாய்த்துக் காட்டினார். மேலே தேன் நிறத்தில் தெளிவு. அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் கெட்டித்திருந்தது. மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு வண்டலைக் கொட்டிவிட்டார். “இத அப்படியே ஊத்துனா தொண்டையில நிக்கும் சார். கல்யாணத்துக்கு வந்தவங்க இருமிக்கினே போவாங்க.”

சர்க்கரையை யாரும் அப்படியே கொட்டவில்லை. குளிர்ந்த சாற்றில் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கும். முதல் நூறு பேருக்குப் புளிக்கும், கடைசி நூறு பேருக்குத் திகட்டும். முந்தின நாளே பாகு காய்ச்சி, ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கு எடுத்து, ஆறவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கலப்பது எல்லாம் எவர்சில்வர் அண்டாவில். மண்டபத்தில் பெரிய பித்தளை அண்டா சும்மா கிடந்தது. ஈயம் போன பித்தளையில் எலுமிச்சைச் சாறு பட்டால் களிம்பு இறங்கும் என்பது தெரிந்ததால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலந்தபின் மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கும் தந்தார். எனக்குத் தித்திப்பு தூக்கலாகத் தெரிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். குளிர்ந்தபின் நாக்குக்கு இனிப்பு குறைந்து தெரியும். வெதுவெதுப்பில் சரியாக இருந்தால் சில்லென்று ஆனதும் சப்பென்று போய்விடும். கடைசியாகக் கல்லுப்பைக் கரைத்து ஒரு கரண்டி விட்டார். அதற்குப் பிறகுதான் தர்பூசணி வாசனை மேலே வந்தது.

ஐஸ் வந்தபோது ஒரு சின்னத் தகராறு. கொண்டுவந்த பையன் இறக்கிய கட்டிகளில் நீல நிறம் ஓடியிருந்தது. மீனையும் பாலையும் குளிர வைக்கப் பயன்படும் ஐஸ் கட்டிகளில் நீலம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதித்தது. தின்னும் ஐஸ் எது, தின்னக் கூடாதது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. மாஸ்டர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அண்டாவைச் சுற்றி வெளியே அடுக்கச் சொன்னார். “உள்ள போடுற ஐஸ் எனக்கு வேணாம். வெளிய நின்னு குளிர வெச்சா போதும்.” ஐஸை உள்ளே போட்டால் அது உருகி ருசியைக் கரைக்கும் என்பது ஒரு காரணம், அதைத் தொட்ட கைகள் எத்தனை என்று தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த ஜாக்கிரதைக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. 2025 கோடையில் தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், விலை சரிந்தது, பழங்கள் வயலிலேயே கிடந்தன. விழுப்புரம் மாவட்ட விவசாயிகளுக்கும் பலத்த அடி. பழத்தின் சிவப்பு அதன் சொந்தச் சிவப்பு. தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் விளக்கம் ஊர் சேருவதற்குள் பருவம் பாதி போய்விட்டது. அந்த வருடம் கல்யாண வீட்டுக்காரர்கள் தர்பூசணி வேண்டாம் என்று சொன்னதை மாஸ்டர் இன்னும் மறக்கவில்லை. அதனாலேயே இப்போது பழத்தை மறைவில் அரிவதில்லையாம். மண்டபத்து ஆட்கள் கண்ணெதிரேதான் வேலை.

ஏழு மணிக்கு மேஜை போட்டாகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் அடியிலிருந்து கலக்கிவிட ஒரு பையன் கரண்டியோடு நின்றான். விட்டுவிட்டால் சிவப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரியும். ஊற்றிக் கொடுக்கிறவர்கள் கோட்டு போட்ட வேறு ஆட்கள். பாராட்டும் அவர்களிடமே நின்றுவிடுகிறது. எலுமிச்சை பிழிந்த அக்காவின் விரலிடுக்கெல்லாம் வெந்து சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கூலி நாள் கணக்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அண்டா கழுவி முடித்தாலும் ஒரு நாள்தான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது.

கல்யாணப் பந்தலில் காசு வாங்கிச் செய்கிற இதே வேலையை, பங்குனி உத்திரத்தன்று மயிலத்தில் காசு வாங்காமல் செய்கிறார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கூட்டேரிப்பட்டில் பிரிந்தால் மயிலம் முருகன் கோயில் மலை. பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கும் கோயில். தேருக்கும் காவடிக்கும் கூடும் கூட்டத்துக்காக வழிநெடுக பானகமும் நீர்மோரும் வைத்துக் காத்திருப்பார்கள். அங்கே பழம் என்றால் எலுமிச்சை ஒன்றுதான். அதுவும் பங்குனியில் விலை ஏறிக் கிடக்கும். இதே மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ரத்தினவேல் முருகன் கோயிலில், உத்திரத் திருவிழாவில் வேலில் செருகிய எலுமிச்சம் பழங்களை ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போனது. பானகப் பந்தல்காரர்கள் பாவம், எலுமிச்சையைக் கிலோக் கணக்கில் வாங்க வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்கள் புளியைக் கரைத்து விடுவதும் உண்டு.

பானகத்தின் உயிர் வெல்லத்தில். முண்டியம்பாக்கம் ஆலைக்கும் பெரியசெவலை கூட்டுறவு ஆலைக்கும் கரும்பு போகிற மாவட்டம் இது, வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பந்தலில் இருந்த பெரியவர் பளபளக்கும் மஞ்சள் வெல்லத்தை வாங்குவதில்லை. அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. கறுத்த மண்டை வெல்லத்தை உடைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டினார். துணியில் மணலும் கரும்புச் சக்கையும் தங்கின. கிலோவுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர், சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. பச்சைக் கற்பூரம் அண்டாவுக்கு மிளகளவுக்கும் குறைவு. கூடினால் வாசனை போய் மருந்தாகிவிடும், வயிற்றுக்கும் ஆகாது.

வெறும் தண்ணீரைவிட இனிப்பும் உப்பும் சேர்ந்த தண்ணீரை உடம்பு வேகமாக ஏற்றுக்கொள்ளும். 1971-ல் வங்கதேசப் போரின்போது, போங்காவ்ன் அகதி முகாமில் காலராவில் துவண்டவர்களுக்கு டாக்டர் திலீப் மஹலானபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் ஏராளமான உயிர்களைக் காத்தார். பானகம் மருந்து அல்ல, அளவும் வேறு. ஆனாலும் காவடி தூக்கி வெயிலில் நடந்து வந்தவர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு எழுந்து நடப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த முகாமைப் பீடித்த காலராவும் கெட்ட தண்ணீரில் பரவுகிற நோய்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டு இடத்திலும் நான் கண்டது ஒன்றே. கூட்டத்துக்குக் கலக்குகிற பானத்தின் தரத்தைப் பழம் தீர்மானிப்பதில்லை. தண்ணீரும் பாத்திரமும் கையும்தான் தீர்மானிக்கின்றன. நாமோ எத்தனை வகைப் பழம், மேலே என்ன அலங்காரம் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். அடுத்த முறை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஜூஸ் சொல்லும்போது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கலக்குகிறவர்களுக்கு நல்ல குழாயும் நிழலும் உள்ள ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். நேரம் நீண்டால் கூலியையும் நீட்டிக் கொடுங்கள். ஆயிரம் பேரின் வயிறு அன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது.