ஃபெஸ் நகரில் ஒரு மண்சட்டி

மொரோக்கோ நாட்டின் பழம்பெரும் நகரங்களுள் ஃபெஸ் நகரம் தலையாயது. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரிசு மரபினரால் நிறுவப்பெற்ற அந்நகரின் மதில் சூழ்ந்த பகுதியை 1981-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 859-ஆம் ஆண்டில் தோன்றிய கராவிய்யின் கல்விக்கூடமும், தோல் பதனிடுவோரின் வண்ணத் தொட்டிகளும், செம்புப் பாத்திரம் தட்டுவோரின் சதுக்கமும் அம்மதிலுக்குள்ளேதான் உள்ளன. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். எங்களுக்கோ அந்நகரம் என்றவுடன் நினைவில் எழுவது ஒரு மண்சட்டியும் அதன் கூம்பு மூடியுமே. அதன் வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

கணவன், மனைவி, மகள், மகன் என நாங்கள் நால்வர் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். பூ ஜெலூத் வாயில் வழியாக நுழைந்தோம். 1913-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவ்வாயில், வெளிப்புறம் நீல ஓடுகளும் உட்புறம் பச்சை ஓடுகளும் பதித்தது. அதனைக் கடந்தபின் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளில், மூட்டை சுமந்த கோவேறு கழுதைகள் இறங்கி வருகின்றன. “பாலாக், பாலாக்!” என்று ஓட்டுநர் கூவினால் “வழிவிடு” என்பது பொருள். அச்சொல்லை எங்கள் மகன் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டான். அந்நாட்டு உணவை மட்டும் அவன் ஏற்க மறுத்தான்.

ஆறு வயதுச் சிறுவன் அவன். மூன்று நாட்களாக ரொட்டியும் வாழைப்பழமுமே அவனுடைய ஆகாரம். உலர்ந்த பிளம் பழங்களோடு வேகவைத்த ஆட்டிறைச்சியை முன்னே வைத்தபோது, இறைச்சியில் இனிப்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை வாடுவதைக் கண்டு, திட்டமிட்ட நாளுக்கு முன்பே திரும்பிவிடலாமா என்றுகூட எங்களுக்குள் பேச்சு எழுந்தது.

நாங்கள் தங்கியிருந்தது முற்றம் வைத்த பழைய வீடொன்றின் மேல்மாடியில். கீழே அவ்வீட்டுக்குரிய மூதாட்டி வசித்து வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். மரியாதைக்குரிய பெண்மணிகளை அங்கே ‘லல்லா’ என்று அழைப்பது வழக்கமாதலால், நாங்களும் அவ்வாறே அழைத்தோம். எங்களுள் ஒருவர் புதுச்சேரியில் பயின்றவர். அவருக்குப் பிரெஞ்சு மொழி ஓரளவு கைவசம் இருந்தது. லல்லாவுக்கோ அரபுப் பேச்சுமொழியன்றி வேறு மொழி தெரியாது, எழுத்தறிவும் இல்லை. எனினும் எங்களுக்கிடையே மொழிபெயர்க்க ஒருத்தி இருந்தாள். அவள் அவருடைய பேத்தி, பதின்மூன்று வயதினள்.

அப்பேத்தியும் அவள் தம்பியர் இருவரும் பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்கள். 1963-ஆம் ஆண்டில் மொரோக்கோவும் பிரான்சும் தொழிலாளர் குடியேற்றம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்பின் பல்லாயிரம் இளைஞர்கள் கடல் கடந்து தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றனர். லல்லாவின் கணவரும் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். பின்னர் மகனும் சென்றார். ஆண்டுக்கொருமுறை கோடை விடுமுறையில் அம்மகன் மனைவி மக்களோடு, ஸ்பெயின் வழியாகக் காரோட்டிக் கப்பலேறி வந்து சேருவார். அந்த நான்கு வாரங்களுக்காகவே அம்மூதாட்டி ஏனைய நாட்களை எண்ணிக் கழிப்பவர்.

அவ்வாண்டு வந்த பேரப்பிள்ளைகள் பாட்டியின் சமையலைத் தொடவில்லை. கொண்டைக் கடலையோடு இரவெல்லாம் வேகவைத்த ஆட்டுக்கால் அவர் மகனுக்கு உயிர். பேரர்களோ அதன் வழுவழுப்பைக் கண்டு எழுந்து போய்விட்டனர். “என்னதான் வேண்டும்?” என்று கேட்டதற்கு, ஊரில் தாங்கள் உண்ணும் வறுத்த உருளைக்கிழங்கும் மெர்கேஸும் வேண்டும் என்றனராம். இதைச் சொல்லும்போது லல்லாவின் முகத்தில் தோன்றிய வருத்தத்தைப் பேத்தி மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

மெர்கேஸ் என்பது சாசேஜ் வகையைச் சேர்ந்தது. கொத்திய ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ கொழுப்புடன் கலந்து, சீரகம், கொத்தமல்லி விதை, பெருஞ்சீரகம், பூண்டு, சிவப்பு மிளகாய்த் தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஆட்டின் மெல்லிய குடலில் திணித்துச் செய்வது. பன்றி இறைச்சி சேர்வதில்லை. கைவிரல் பருமனில், செங்கல் நிறத்தில், கண்ணி கண்ணியாகத் தொங்கும். புகையிட்டுப் பதப்படுத்தாத பச்சை இறைச்சியாதலால் அன்றன்றே சமைத்துவிட வேண்டும். வட ஆப்பிரிக்காவில் பிறந்த இவ்வுணவு, அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு பிரான்சுக்குச் சென்று, இன்று அந்நாட்டுத் தெருக்களிலும் நீண்ட ரொட்டிக்குள் வைத்து விற்கப்படுகின்றது. ஆக, அப்பிள்ளைகள் அயல்நாட்டு உணவு என்று எண்ணிக் கேட்டது, பாட்டியின் நாட்டு உணவையே! ஆனால் லல்லாவுக்கு அது கடைத்தெருப் பண்டம். வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு வீதியில் விற்பதையா கொடுப்பது என்பது அவர் மனக்குறை.

இரண்டு நாள் சிந்தித்தபின் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மெர்கேஸ் வாங்குவது, ஆனால் அதைத் தம்முடைய தாஜினில், தம்முடைய முறைப்படி சமைப்பது. எங்கள் மகன் பட்டினி கிடக்கும் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்ததால், எங்கள் நால்வரையும் அன்றைய உணவுக்கு அழைத்தார். காலையில் கடைவீதிக்கும் உடன் வரச் சொன்னார்.

இறைச்சிக் கடை ஒன்றில் ஒட்டகத்தின் தலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒட்டக இறைச்சி கிடைக்கும் என்பதற்கு அதுவே விளம்பரப் பலகை. எங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். லல்லா அதைக் கடந்து தமக்குப் பழக்கமான கடைக்குச் சென்றார். அங்கே ஏற்கெனவே திணித்துத் தொங்கிய மெர்கேஸை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆட்டுத் தொடையில் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டி, அதைத் தம் கண்ணெதிரே அரைக்கச் செய்தார்; மிளகாயைக் குறைக்கச் சொன்னார்; சீரகத்தைக் கூட்டச் சொன்னார்; அதன் பிறகே குடலில் திணிக்க விட்டார். முக்கால் கிலோ மெர்கேஸ் வாங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் சலித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த எச்சரிக்கை இன்று நேற்று தோன்றியதன்று. 12-ஆம் நூற்றாண்டில், அக்காலத்தில் முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த செவில் நகரில் வாழ்ந்த இப்னு அப்தூன் என்பவர் அங்காடி நடைமுறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலத்தில் ‘மிர்காஸ்’ எனப்பட்ட இந்தச் சாசேஜைப் புதிய இறைச்சியிலேயே செய்ய வேண்டும் என்றும், மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காக நோயுற்ற விலங்கின் இறைச்சியைச் சேர்க்கலாகாது என்றும் அதில் குறித்துள்ளார். கொத்தி, காரமிட்டு, உறைக்குள் மறைத்துவிட்டால் உள்ளே இருப்பதை யார் அறிவார்? அங்காடியைக் கண்காணிக்க ‘முஹ்தசிப்’ என்னும் அதிகாரியை அமர்த்துவது பழைய மரபு. அப்பதவிக்குரிய கடமைகளை மொரோக்கோ அரசு 1982-ஆம் ஆண்டில் சட்டமாகவே வகுத்தது. எனினும் லல்லா போன்ற இல்லத்தலைவியர் கடைமுன் நின்று பார்க்கும் பார்வைக்கு ஈடாக எந்தச் சட்டத்தையும் சொல்ல இயலாது என்றே எங்களுக்குத் தோன்றியது.

வீடு திரும்பியதும் அடுக்களை நிறைந்துவிட்டது. நன்கு கனிந்த தக்காளி இரண்டு கிலோ இருந்தது. அவர்கள் தக்காளியை அரிவதில்லை. குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் வைத்துத் தேய்க்கின்றனர். சதை முழுவதும் கீழே விழ, தோல் மட்டும் உள்ளங்கையில் தங்கிவிடுகின்றது. வெந்நீரில் இட்டுத் தோலுரிக்கும் வேலையே இல்லை! இப்பணி பேத்திக்கும் எங்கள் மகளுக்கும் அளிக்கப்பட்டது. வெங்காயம் நான்கையும் அவ்வாறே துருவினார்கள்; கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தாஜின் என்பது ஆழமற்ற மண்சட்டி. அதன் மூடி கூம்பு வடிவில் உயர்ந்திருக்கும். எழும் ஆவி அக்கூம்பில் பட்டுக் குளிர்ந்து நீராகி மீண்டும் சட்டியிலேயே இறங்குவதால், சிறிது நீரிலேயே நெடுநேரம் வேகவைக்க முடியும். லல்லா இரண்டு தாஜின்களை எரிவாயு அடுப்பில் ஏற்றினார். மண்சட்டி வெடிக்காதிருக்கச் சுடருக்கும் சட்டிக்கும் இடையே இரும்புத் தகடு வைத்தார். ஒலிவ எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, தக்காளியை ஊற்றி, சீரகத் தூள், சிறிது சுக்குத் தூள், காரமற்ற சிவப்பு மிளகாய்த் தூள், உப்பு, நறுக்கிய கொத்தமல்லித் தழை, பார்ஸ்லித் தழை ஆகியவற்றை இட்டார். இது சுண்டுவதற்கு அரைமணி நேரம் பிடித்தது. அவசரப்பட்டால் தக்காளியின் பச்சை வாடை போகாது.

மெர்கேஸைத் தனியே ஒரு வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் புரட்டினார். முள்ளால் குத்தலாகாது என்று எங்களைத் தடுத்தார். குத்தினால் சாறு ஓடி இறைச்சி உலர்ந்துவிடுமாம். வெளியேறிய கொழுப்பை வடித்துவிட்டு, விரற்கணு அளவு துண்டுகளாக வெட்டித் தக்காளிக் குழம்பில் சேர்த்தார். மீண்டும் கால்மணி நேரம் மூடி வைத்தார். இறுதியில் குழம்பில் கரண்டியால் பள்ளம் செய்து, பள்ளத்துக்கு ஒன்றாக முட்டைகளை உடைத்து ஊற்றினார். மொத்தம் பத்து முட்டைகள்; உண்போர் பத்துப் பேர்.

இதற்குள் அவருடைய மகன் தெருக்கோடியிலிருந்த ஃபர்ரான் எனப்படும் பொது அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து வந்தார். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்து அங்கே அனுப்புவதும், சுட்டு வாங்குவதும் அந்நகரில் இன்னும் மறையாத வழக்கம். எது எவர் வீட்டு ரொட்டி என்பதை அடுப்புக்காரர் எப்படியோ அறிந்து வைத்திருக்கின்றார்.

முற்றத்தில் தாழ்ந்த வட்ட மேசைகள் இரண்டு போடப்பட்டன. பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. லல்லா அமர்ந்தது பிள்ளைகளின் மேசையில். தட்டுகள் கிடையா; நடுவே சட்டி, சுற்றிலும் ரொட்டி, ஓரத்தில் உப்புக்கும் சீரகத் தூளுக்கும் சிறு கிண்ணங்கள். “பிஸ்மில்லா” என்று இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்கினார்கள். வலக்கை விரல்களால் ரொட்டியைப் பிட்டு, தமக்கு நேரே உள்ள பக்கத்திலிருந்து மட்டும் தொட்டு உண்ண வேண்டும். பிறர் பக்கம் கை நீட்டுவது பண்பன்று. கையால் உண்டு பழகிய எங்களுக்கு இது எளிதாயிருந்தது. பிரான்சுச் சிறுவர்களுக்கே முதலில் விரல் சுட்டது.

எங்கள் மகன் சிறிது நேரம் கைகட்டி அமர்ந்திருந்தான். அவன் வயதையொத்த பேரன் ரொட்டித் துண்டை மஞ்சள் கருவில் அமிழ்த்தி மேலே தூக்க, அது மூக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரித்தார்கள். லல்லா தம் முன்னிருந்த மெர்கேஸ் துண்டொன்றை விரலால் மெல்ல நகர்த்தி அவன் பக்கம் சேர்த்து, “கூல், வல்தி” என்றார். “சாப்பிடு, மகனே” என்பது பொருள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் உண்டான். அதன்பின் மற்றொரு துண்டும் அவன் பக்கம் நகர்ந்து வந்தது. சிறிது நேரத்தில் பாட்டியின் பக்கத்தில் வெறும் குழம்பு மட்டுமே எஞ்சியிருக்கக் கண்டோம். அவர் பங்கு முழுவதும் நான்கு திசையிலும் பகிரப்பட்டிருந்தது. மருமகள் எழுந்து வந்து பெரியவர்களின் சட்டியிலிருந்து ஒரு முட்டையை ரொட்டியில் ஏந்தி, பேசாமல் மாமியாரின் முன்னே வைத்துவிட்டுச் சென்றார்.

அடுத்த வாரமும் இருமுறை அதே உணவு சமைக்கப்பட்டது. மூன்றாம் முறை துருவியதும் வதக்கியதும் பேத்தியே. அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து செய்முறையைப் பிரெஞ்சு மொழியில் எழுதத் தொடங்கினாள். பாட்டியின் அளவுகளெல்லாம் கைப்பிடியும் சிட்டிகையும் ஆதலால், லல்லா கையில் அள்ளும் ஒவ்வொன்றையும் தடுத்து நிறுத்தி, தேநீர்க் கண்ணாடிக் குவளையில் கொட்டி அளந்து குறித்தாள். “உன் கை என் கையைவிடச் சிறிது, குவளையை நம்பாதே, நாவை நம்பு” என்று பாட்டி கடிந்துகொண்டாராம். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் மெர்கேஸ் கிடைப்பதில்லை. ஆயினும் அதற்குரிய மசாலைப் பொருட்கள் யாவும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே உள்ளன. அரைக் கிலோ ஆட்டிறைச்சியைக் கொழுப்போடு இருமுறை கொத்தி, சீரகத் தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித் தூளும் சோம்புத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, காரம் குறைந்த மிளகாய்த் தூள் இரண்டு தேக்கரண்டி, அரைத்த பூண்டு ஆறு பல், உப்பு ஆகியவற்றோடு நன்கு பிசைந்து, ஈரக் கையால் விரல் வடிவில் உருட்டி, ஒரு மணி நேரம் குளிர வைத்துப் பொரித்துக் கொள்கின்றோம். குடலுறை இல்லாக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. மூடியுள்ள கனத்த மண்சட்டி எதுவும் போதுமானது. மூடி தட்டையாக இருப்பின், தக்காளி அடிப்பிடிக்காமல் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காரம் விரும்பும் பெரியவர்கள் பச்சை மிளகாயைத் தனியே கடித்துக்கொள்ளலாம். சட்டியில் சேர்க்க வேண்டாம்.

முட்டை உடைக்கும் வேலை எங்கள் மகனுடையது. அதை அவன் வேறு எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு முட்டையாவது கலங்கிவிடும். அதனைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வான்.