சுமப்பது ஒன்று, சுழற்றுவது ஒன்று

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் மலையேறும் ஜீப்களில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள். தார்ச்சாலை முடிந்த பிறகுதான் அந்த வண்டிக்கு உண்மையான வேலை. உருளைக்கல், சேறு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் மேடுபள்ளம். அங்கே பின் ஆக்சில் உடைந்தால் என்ன செய்வது என்று இளைய டிரைவர்கள் என்னிடம் கேட்பார்கள். பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் கேட்கிறார்கள். நானும் வண்டியைப் பற்றித் தொடங்கி, வீட்டைப் பற்றிப் பேசாமல் முடிப்பதில்லை.

ஆக்சில் எப்போது உடைகிறது? ஒரு பின்சக்கரம் தரை தொடாமல் சுற்றும்போது டிரைவர் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை விடாமல் மிதிக்கிறார். சுற்றுகிற சக்கரம் சட்டென்று பாறையைக் கவ்வுகிறது. பழைய வில்லிஸ் ஜீப்பில் லோ ரேஞ்ச் முதல் கியரில் எஞ்சினின் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் 25 மடங்குக்கு மேல் பெருகிவிடும். அத்தனையும் ஒரு கணத்தில் ஆக்சில் தண்டின் மேல் விழும். ‘டக்’கென்று சத்தம். அதன்பின் எஞ்சின் ஓடும், மீட்டர் முள்கூட ஏறும், வண்டி மட்டும் நகராது. இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் குணம் அது. எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியைக் கொடுக்கும். உடைந்த துண்டு தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, நல்ல சக்கரம் சும்மா கிடக்கும்.

இந்த நேரத்தில்தான் பலர் கைபிரேக்கை இழுத்துவிட்டு நிம்மதியாக இறங்குகிறார்கள். அதைப்போல ஆபத்து வேறில்லை. பழைய ஜீப்களில் கைபிரேக் சக்கரத்தில் கிடையாது. சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருந்து, அதைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் கைபிரேக் பிடிக்கும். ஆக்சில் உடைந்துவிட்டால் ஷாஃப்டைப் பிடித்தும் பயனில்லை. சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். ஃபோர் வீல் போடாமல் வெறும் கியரில் நிறுத்துவதும் அப்படித்தான். ஆகவே கால்பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், சக்கரங்களின் பள்ளத்துப் பக்கத்தில் யாரையாவது கல் வைக்கச் சொல்லுங்கள். பெரிய கல்லாக வையுங்கள். ஃபோர் வீலைப் போட்டு, முதல் கியரில் நிறுத்துங்கள். அப்போது முன்சக்கரங்களாவது பிடிக்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி வண்டிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாகப் போக வேண்டும். என்ன உடைந்தது, யார் காரணம், எவ்வளவு செலவு என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. துன்பம் வந்த வீட்டிலும் இந்த வரிசை பொருந்தும் என்பதைப் பல சாவு வீடுகளிலும் கடன்பட்ட வீடுகளிலும் பார்த்துவிட்டேன்.

அடுத்து, உடைந்த ஆக்சில் எந்த வகை என்று தெரிய வேண்டும். என் பேச்சின் சாரமே இதில்தான் இருக்கிறது. செமி-ஃப்ளோட்டிங் வகையில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. தண்டு பேரிங்குக்கு வெளியே உடைந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று போகும். கழன்றபின் பிரேக்கை மிதித்தால் லைனர்கள் பிதுங்கி, வீல் சிலிண்டர் திறந்து, பிரேக் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன் என்பதால் மிச்சமிருக்கும் பிரேக்கும் அத்தோடு போய்விடும். பேரிங்குக்கு உள்ளே உடைந்தால் சக்கரம் கழலாமல் நிற்கும். ஆனால் ஆடிச் சாயும், நம்பி ஓட்டக் கூடாது.

ஃபுல்-ஃப்ளோட்டிங் வகை வேறு. ஹவுசிங்கின் நுனியில் ஸ்பிண்டில், அதன்மேல் பேரிங், பேரிங்கின் மேல் சக்கரம். எடை முழுவதும் ஹவுசிங்குக்கே. நடுவில் போகும் தண்டுக்குச் சுழற்றுவதைத் தவிர வேறு வேலையில்லை. லாரியின் பின்சக்கர நடுவில் வட்டமாகப் போல்ட்டுகள் தெரிகின்றனவே, அது இந்த வகைதான். தண்டு உடைந்தால் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவி எடுத்துவிட்டு, மண் புகாமல் ஆயில் வழியாமல் ஹப்பின் வாயை அடைத்து, ஃபோர் வீலில் முன்சக்கரங்களின் இழுவையில் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேல் செய்த ராணுவ ஜீப்களின் பின் ஆக்சில் இப்படித்தான் இருந்தது. குண்டு விழும் இடத்தில் வண்டி முடங்கக் கூடாதல்லவா. இந்தியாவில் 1947-ல் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்களைப் பாகம் சேர்த்துப் பொருத்தத் தொடங்கியது. போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்கள் பலவற்றில் செமி-ஃப்ளோட்டிங் வந்துவிட்டது. செலவு குறைவு, எடை குறைவு, சாதாரணச் சாலைக்கு அது போதும்.

எங்கள் அண்ணன் வீடு செமி-ஃப்ளோட்டிங் வீடு. சம்பாதித்தவரும் அவர்தான், சகலத்தையும் தாங்கியவரும் அவர்தான். நகை எங்கே அடகில் இருக்கிறது, காப்பீட்டுத் தவணை எப்போது, யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, அம்மாவுக்கு எந்த மாத்திரை எந்த வேளை, எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு நின்ற அன்று வருமானம் மட்டும் நிற்கவில்லை. அண்ணி பீரோவைத் திறந்து எந்தக் காகிதம் எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். பாசத்தால்தான் அவர் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பாசம் அண்ணியை எவ்வளவு தவிக்க வைத்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஃபுல்-ஃப்ளோட்டிங் வீடுகளையும் அறிவேன், மலையேறும் ஜீப்பில் போகும் பெண்கள் சிலருடைய வீடுகள் அவை. கூலி கொண்டுவருவது மருமகள். அரிசி பருப்புக் கணக்கு மாமியாரிடம். மகளிர் குழுப் பாஸ்புக்கைப் பார்ப்பது பத்தாவது படிக்கும் பெண். காய் இல்லாத மாதங்களில் கூலி நின்றுபோகும். கஷ்டம்தான், ஆனால் வீடு சாய்வதில்லை. குடும்பத்தலைவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், உங்கள் தலைக்குள் இருப்பதை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, வீட்டாரை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

பட்டறைக்கு வந்த உடைந்த தண்டை நான் உடனே தூக்கிப் போடுவதில்லை. உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முகம் முழுக்கப் புதுசாக மின்னினால், ஒரே அடியில் போனது. ஓரம் வழவழப்பாகக் கறுத்து, வளைவு வளைவாகக் கோடுகள் தெரிய, கொஞ்சம் இடம் மட்டும் சொரசொரப்பாக மின்னினால், விரிசல் நெடுநாளையது. தண்டு நுனியின் பல்வரிசையான ஸ்ப்ளைனின் அடியிலோ சாவிக்காடியின் மூலையிலோ தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போயிருக்கும். கடைசியாக ஓட்டிய பையனைத் திட்டுவது அந்த இடத்தில் பெரிய அநியாயம். பலமுறை நான் குறுக்கே நின்று தடுத்திருக்கிறேன்.

வெல்டு வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். மாட்டேன். பதமேற்றிய இரும்பு வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, அதே இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப உடையும். ஆயிலை இறக்கி இரும்புத்தூளைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கிரவுன், பினியன் பற்சக்கரங்களை அது தின்றுவிடும். ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். வளைந்த ஹவுசிங்கில் புதுத் தண்டும் நிலைக்காது. மறுபக்கத்துத் தண்டையும் உருவிப் பார்க்க வேண்டும், அதுவும் அதே பாரத்தைத்தானே இத்தனை காலம் பட்டது.

கடைசியில் ஆள் கணக்கைக் கேட்பேன். ஒரே நடையில் அத்தனை பேரையும் அடைக்காதீர்கள், இரண்டு நடை போங்கள் என்பேன். டீசல் கூடுமே என்று வண்டிக்காரர் தயங்கினால் காகிதத்தை எடுத்துத் தண்டு, பேரிங், சீல், ஆயில், வண்டியை இறக்கும் கூலி, நின்றுபோன ஓட்டம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் காட்டுவேன். உள்ளே உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர்களையும் அந்தக் காகிதத்திலேயே எழுதச் சொல்வேன்.