பெயர் கிடைத்த கள்வனும் பெயரில்லாத பெண்களும்

மே 3, 2024, வெள்ளி

ஆசிரியர் அறையில் நேற்றும் இன்றும் ‘ஹீராமண்டி’ பேச்சுத்தான். சஞ்சய் லீலா பன்சாலியின் எட்டுப் பகுதித் தொடர், மே தினத்தன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பிரிவினைக்கு முந்திய லாகூரில், பாட்சாஹி பள்ளிவாசலுக்கு அருகே இருந்த தவாயிஃப்களின், அதாவது ஆடல்பாடல் பெண்களின், தெருவே கதைக்களம். ‘பம்பாய்’ படத்தில் நாங்கள் கண்ட மனீஷா கொய்ராலா, அங்கே ஒரு பெரிய வீட்டை ஆளும் மல்லிகாஜானாக வருகிறார். ‘காற்று வெளியிடை’யின் அதிதி ராவ் ஹைதரி, கிளர்ச்சிக்காரருக்கு இரகசியமாக உதவும் பிப்போஜான்.

இளம் ஆசிரியைகள் உடையையும் நகையையும் பேசிப் பேசி ஓயவில்லை. ஓய்வை நெருங்கிவிட்ட ஒரு மிஸ் மட்டும் முகம் சுளித்தார்: “ஒரு ஊருடைய அழுக்கை எடுத்துக் காட்டி என்னத்தைக் காணப் போறம்? மூடி வைக்க வேண்டியதை மூடித்தான் வைக்கணும்.”

இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் அந்தப் பெண்களை அலங்காரமாகப் பார்க்கிறது, மறுபக்கம் அழுக்காகப் பார்க்கிறது. அவர்கள் யார், எப்படி அங்கே வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மே 7, செவ்வாய்

1864இல் இதே நாள், உதுவன்கந்தை சரதியேலும் அவனுடைய கூட்டாளி மம்மாலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். கொழும்பு–கண்டி வீதியில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன் சரதியேல். அவனைப் பிடிக்கப் போனபோது கொல்லப்பட்ட கான்ஸ்டபிள் சபானின் நினைவாகத்தான் மார்ச் 21ஐ இலங்கைப் பொலிஸ் இன்றும் நினைவுகூர்கிறது.

லாகூருக்கு ஹீராமண்டி என்றால், எங்கள் கண்டியின் இருண்ட காலம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் சரதியேல். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று கதை வளர்ந்துவிட்டது. மாவனல்லைப் பக்கம் அவன் பெயரில் ஒரு காட்சிக் கிராமமே இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறோம். கொள்ளையனுக்கும் பொலிஸ்காரனுக்கும் நினைவில் இடம் கிடைத்துவிட்டது.

அதே காலத்தில் அந்த வீதியில் சாராயத் தவறணைகள் இருந்தன. கோப்பித் தோட்டத்துக்குக் கால்நடையாக வந்த எங்கள் முன்னோரின் கூலிக்காசில் ஒரு பங்கு அங்கேதான் போனது. சாராயக் குத்தகை எடுத்தவர்களில் சிலர் நாட்டின் பெரும் செல்வந்தக் குடும்பங்களானார்கள் என்பதைக் குமாரி ஜயவர்தன தம் நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார். குத்தகைக்காரரின் பெயர் பாடசாலைகளிலும் வீதிகளிலும் நிற்கிறது. கள்வனின் பெயர் கதையில் நிற்கிறது. தவறணை வாசலில் நின்ற பெண்ணின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

மே 12, ஞாயிறு

தொடரைப் பார்த்த லாகூர்க்காரர்களின் கோபத்தை இன்று ஆறுதலாக இருந்து வாசித்தேன். இது எங்கள் ஊரே இல்லை என்கிறார்கள். அவ்வளவு பெரிய மாளிகைகள் அந்தத் தெருவில் ஏது? நெருக்கமான சந்துகளும் பலகணி வைத்த வீடுகளும்தானே இருந்தன? பஞ்சாபி எங்கே? எல்லாரும் லக்னோ உருது பேசுகிறார்களே? 1940களின் கதையில் வரும் ஒரு நூலகத்தில், 2004இல் வெளியான ‘பீர்-இ-காமில்’ நாவலையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆலம்ஸேப் பாத்திரத்தில் நடித்த இளம் நடிகையைப் பலர் வதைக்கிறார்கள். மனீஷாவைப் பாராட்டாதவர் இல்லை. புற்றுநோயிலிருந்து மீண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில் இப்படியொரு பாத்திரத்தைத் தாங்கியிருக்கிறார்.

பிழை பிடிக்கிறார்கள் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஊரை வேறொருவர் திரையில் கட்டும்போது அங்கே வாழ்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. கண்டி வாவிக்கரையைப் பற்றி யாராவது பிழையாக எடுத்தால் நானும்தான் கேட்பேன். ஆனால் இத்தனை கேள்விகளுக்குள்ளும் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன்: அந்த வீட்டுப் பெண்களின் வருமானம் யாருக்குப் போனது, வெளியேற நினைத்தவளுக்கு என்ன நடந்தது? அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

மே 16, வியாழன்

வரலாற்றாசிரியர் வீணா தல்வார் ஓல்டன்பர்க் 1990இல் எழுதிய கட்டுரையை எடுத்து வாசித்தேன். லக்னோ நகரசபையின் 1858–77 வரிப் பதிவேடுகளைப் புரட்டியவர் அவர். ஆடல்பாடல் பெண்கள் உயர்ந்த வரி வகுப்பில் பதியப்பட்டிருந்தார்கள். 1857 எழுச்சியில் பங்கெடுத்ததற்காகப் பிரித்தானியர் பறித்த சொத்துப் பட்டியலிலும் அவர்களுடைய வீடுகளும் பழத்தோட்டங்களும் இருந்தன. பிப்போஜானின் கதைக்கு வரலாற்றில் வேர் இருக்கிறது. ஆனால் அந்த வேர் பளிங்குக் கூடத்தில் கிடைக்கவில்லை, ஒரு வரிப் பதிவேட்டில் கிடைத்தது. சொத்தைப் பறித்த அதே ஆட்சி, பிறகு ஏழைப் பெண்களைப் படை முகாம்களுக்கு அருகே வைத்து நோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. தொடரின் வெளிச்சம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்படிப்பட்ட பெண்களின் கதை தமிழுக்குப் புதிய விடயமல்ல. தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பேசினார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1936இல், அந்த வாழ்வின் நடுவே வளர்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் கண்டதை ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலாக எழுதினார். பட்டவளே எழுதியதால், அங்கே யார் ஏமாற்றினார், யார் இலாபம் கண்டார் என்பது மறையவில்லை. இருண்ட காலத்தைச் சொல்லலாமா கூடாதா என்ற வழக்கை விட, யார் வாயால் சொல்கிறோம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மே 20, திங்கள்

உயர்தர வகுப்பில் இன்று ‘ஹீராமண்டி’யைப் பற்றிக் கதைக்க விட்டேன். பிள்ளைகள் தொடரில் அதிதி நடந்துவரும் காட்சித் துண்டைக் கைபேசியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். கண்டியைப் பற்றி இப்படியொரு நாடகம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மஹியாவையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள்.

“மிஸ், எங்க ஏரியாவத்தான் காட்டுவாங்க. இப்பவே அட்ரஸ் சொன்னா ஒரு மாதிரித்தான் பார்க்கிறாங்க. நாடகம் வந்தா பிறகு நாங்க என்ன செய்யிறது?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. கண்டியைக் கூட்டித் துப்புரவாக்கவென்று பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள். காலிங்க டியூடர் சில்வாவும் சக ஆய்வாளர்களும் கண்டித் துப்புரவுத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, நகரத்துத் தீண்டாமை என்றே அதற்குப் பெயரிட்டார்கள். ஊரின் அழுக்கை அள்ளுகிறவர்களின் தலையிலேயே ஊரின் கெட்ட பெயரையும் கட்டிவிடுகிறோம். ஒரு நாடகம் அந்தக் கட்டை இன்னும் இறுக்கலாம், அவிழ்க்கவும் செய்யலாம். மாணவி கேட்டதுதான் இந்த மாதம் நான் கேட்ட விமர்சனங்களிலேயே கனமானது.

மே 23, வியாழன், வெசாக்

வாவியைச் சுற்றி வெசாக் கூடுகள், இலவச உணவு தரும் தன்சல் வரிசைகள், தலதா மாளிகைப் பக்கம் வெள்ளை உடையில் சனக்கடல். பெரியம்மாவோடு மெதுவாக நடந்தேன். தொண்ணூற்றைத் தொட்ட அவர் சொன்னார்: “லடாய் காலத்துல ரோடு முழுக்க லொறிதான். வெள்ளக்கார ஆமி. இருட்டினா எங்கள வாசல் படியில நிக்க விடமாட்டாங்க.”

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அது எல்லா வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. தளபதிகள் தங்கிய கட்டடங்களையும் காட்டுவார்கள். அத்தனை படைவீரர் இறங்கிய ஒரு சிறு நகரத்தில் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெரியம்மா போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு இன்னும் அதிக காலம் இல்லை.

சட்டம் மட்டும் எல்லாரையும் விட நீண்ட ஆயுளோடு இருக்கிறது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச்சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. சரதியேல் ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது எழுதப்பட்ட சட்டத்தின் கீழ் இன்றும் வீதியில் நிற்கும் பெண் கைதாகிறாள். பத்திரிகையில் அவள் படம் வருகிறது. அவளிடம் வந்தவனின் படம் வருவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கடந்த காலம் என்று நாங்கள் சொல்வது அவளுக்குக் கடக்கவே இல்லை.

மே 26, ஞாயிறு

மூடி வைக்கச் சொன்ன மிஸ்ஸுக்கு நாளை என் பதிலைச் சொல்வேன். மூடி வைத்தால் காப்பாற்றப்படுவது அந்தப் பெண்கள் அல்ல. குத்தகைக்காரரும் தரகரும் வாடிக்கையாளரும்தான். அலங்கரித்துக் காட்டினாலும் அதே ஆட்கள்தான் தப்புகிறார்கள்.

கண்டியின் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு நாடகம் வரவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அது தவறணைக் கணக்கிலிருந்து தொடங்கட்டும். நீதிமன்றப் பதிவேட்டில் அபராதம் கட்டிய பெண்ணின் பெயரைத் தேடி எடுக்கட்டும். எழுதும் மேசையில் மஹியாவையிலிருந்தும் ஒருவர் இருக்கட்டும். வெளிவந்ததும் நகையையும் சுவரையும் நடிகையின் முகத்தையும் மட்டும் சரிபார்த்துவிட்டுப் போகாமல், இந்தப் பணம் யாருடையது, இந்தச் சட்டம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்கிற பார்வையாளராக நாங்களும் மாற வேண்டும். என் வகுப்பில் அந்தப் பழக்கத்தை அடுத்த பாடத்திலேயே தொடங்குகிறேன்: 1841ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வரிவரியாக வாசிக்கப் போகிறோம்.